ரத்தம் எடுத்தார்கள், முடிவுக்குக் காத்திருக்கவில்லை

துறையூர்ப் பக்கம் சின்னதாக ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறேன். 22 வருடமாக இதே வேலை. போன ஆகஸ்டில் என் அண்ணனுக்கு மாரடைப்பு வந்து, திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் இதய அவசரப் பிரிவில் ஐந்து நாள் கிடந்தோம். அந்தப் பிரிவைப் பற்றித்தான் எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரைப் போடவில்லை. பாராட்ட வேண்டியது நிறைய இருக்கிறது, கோபப்பட வேண்டியதும் இருக்கிறது. ஒரு குடும்பத்தின் ஐந்து நாளை வைத்து ஒரு பெயரைத் தூக்கவோ இறக்கவோ எனக்கு மனமில்லை. ஆனால் இப்படி ஒரு இடத்துக்கு ஓட வேண்டி வந்தால் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை, ரத்தக் குழாய்களோடும் ரிப்போர்ட்டுகளோடும் புழங்குகிறவள் என்ற முறையில் என்னால் சொல்ல முடியும்.

அண்ணனுக்கு 54 வயது. மரச்செக்கு வைத்திருக்கிறார். சர்க்கரை 11 வருடமாக இருக்கிறது. அன்றைக்கு விடியற்காலை 4.40-க்கு நெஞ்சு அடைப்பது போல இருக்கிறது என்று எழுந்து உட்கார்ந்திருக்கிறார். தாடை வரைக்கும் வலி. வாயுவாக இருக்கும் என்று ஓமத் தண்ணீர் குடித்திருக்கிறார். பனியன் முழுக்க நனைந்த பிறகுதான் அண்ணி எனக்குப் போன் செய்தார். நான் போனபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை. “ஒண்ணுமில்ல பாப்பா, காஸ்தான்” என்றார்.

பக்கத்தில் இருந்த ஒரு நர்சிங் ஹோமுக்கு 5.25-க்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். இதைச் சொல்லாமல் திருச்சி மருத்துவமனையைப் பற்றிச் சொன்னால் பாதிக் கதைதான். அங்கே டாக்டர் இல்லை. நர்ஸ் இசிஜி எடுத்தார், பிறகு ட்ரோபோனின் கார்டில் ரத்தச் சொட்டு விட்டார். கால் மணி நேரம் கழித்து ஒரே ஒரு கோடு. நெகட்டிவ். போனில் டாக்டர், கேஸ் ஊசி போட்டுப் படுக்க வைக்கச் சொன்னார், மூன்று மணி நேரம் கழித்து இன்னொரு முறை பார்க்கலாம் என்றார். அண்ணி கும்பிட்டுக்கொண்டே அழுதார், நெகட்டிவ் என்ற வார்த்தையைக் கேட்டு வந்த நிம்மதி.

அந்தக் கார்டை நானும் என் லேபில் வைத்திருக்கிறேன். அதனால்தான் எனக்கு வயிறு கலங்கியது. ட்ரோபோனின் என்பது இதயத் தசைக்குள் இருக்கிற புரதம். தசை சாக ஆரம்பித்த பிறகுதான் அது ரத்தத்துக்கு வரும். கார்டில் தெரிகிற அளவுக்கு ஏற மூன்று முதல் ஆறு மணி நேரம் ஆகும். வலி தொடங்கி ஒரு மணி நேரம்கூட ஆகாதபோது வருகிற நெகட்டிவுக்கு அர்த்தம், “இன்னும் தசை அதிகம் சாகவில்லை” என்பதாக இருக்கலாம். அதாவது காப்பாற்ற வேண்டிய நேரமே அதுதான். அந்த நேரத்தில் மூன்று மணி நேரம் படுக்க வைப்பதா?

இசிஜி தாளைப் போட்டோ எடுத்து, எனக்குத் தெரிந்த ஒரு டாக்டருக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். நான்கு நிமிடத்தில் கூப்பிட்டார். இசிஜியில் இரண்டு, மூன்று, ஏவிஎஃப் என்று பெயர் போட்ட மூன்று வரிசையிலும் கோடு தூக்கியிருக்கிறது, இதயத்தின் கீழ்ப்பக்கச் சுவரில் மாரடைப்பு, ரத்த டெஸ்ட் எதற்கும் நிற்காதே, கிளம்பு என்றார். அந்த நர்சிங் ஹோமில் எங்களுக்குப் போனது 40 நிமிடம். இசிஜி மிஷின் அங்கே இருந்தது, தாளும் சரியாக வந்திருந்தது. அதைப் படிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். அதை நினைத்தால் இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது.

108-க்குச் சொல்லிவிட்டு, எதிரிலேயே இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அண்ணனை நடத்தாமல் நாற்காலியோடு தூக்கிப் போனோம். 2023-ல் தமிழக அரசு கொண்டுவந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தைப் பற்றிச் செய்தியில் படித்ததோடு சரி. அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். இரவுப் பணியில் இருந்த செவிலியர் இசிஜியைப் பார்த்தார், டாக்டரோடு ஸ்பீக்கரில் பேசினார், ஒரு கவரைப் பிரித்து மாத்திரைகளை என் உள்ளங்கையில் எண்ணிப் போட்டார். ஆஸ்பிரின் 150 மி.கி. இரண்டு, குளோபிடோக்ரெல் 75 மி.கி. நான்கு, அட்டார்வாஸ்டாட்டின் 10 மி.கி. எட்டு. மொத்தம் 14. முதல் இரண்டும் ரத்தம் உறையாமல் தடுக்க, மூன்றாவது கொழுப்புக்கு. ஆஸ்பிரினை மட்டும் மென்று விழுங்கச் சொன்னார். காசு வாங்கவில்லை. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். பிறகு ஒரு நாள் போய் அவர் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

மண்ணச்சநல்லூர், நொச்சியம், கொள்ளிடம் பாலம். 108 வண்டியில் இருந்த தம்பி இசிஜியைத் திருச்சி மருத்துவமனைக்கு முன்னாலேயே அனுப்பிவிட்டார். 7.20-க்கு உள்ளே நுழைந்தோம்.

இனி மதிப்பீடு.

நுழைந்ததும் முதலில் கேட்ட கேள்வி பணம் இல்லை. “நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா?” என்று கேட்டார் அவசரப் பிரிவு டாக்டர். இல்லை என்றேன். நல்லது என்றார். ரத்த அழுத்தம் அப்போது 84/60. கீழ்ச்சுவர் மாரடைப்பில் இதயத்தின் வலது அறையும் அடிபட்டிருந்தால், நாக்குக்கு அடியில் வைக்கிற அந்த சார்பிட்ரேட் மாத்திரையைக் கொடுத்தவுடன் அழுத்தம் தரைக்கு இறங்கிவிடும். அதைப் பார்க்க மார்பின் வலப்பக்கத்தில் பட்டைகளை ஒட்டி இன்னொரு இசிஜி எடுத்தார்கள். 7.24-க்கு முதல் இசிஜி, 7.27-க்கு வலப்பக்க இசிஜி. நேரத்தைத் தாளிலேயே மிஷின் அடித்திருக்கிறது, இப்போதும் என்னிடம் இருக்கிறது. பத்து நிமிடத்துக்குள் இசிஜி எடுத்தாக வேண்டும் என்பது உலகம் முழுக்க வைத்திருக்கிற வரையறை. இவர்கள் நான்கு நிமிடத்தில் எடுத்தார்கள்.

ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகும்போதே ஒரு சிஸ்டர் ரத்தம் எடுத்தார். ஊதா மூடி, சிவப்பு மூடி, சாம்பல் மூடி, நீல மூடி. நான்கு குழாய். ஊதாவையும் நீலத்தையும் குலுக்காமல் மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தினார். அந்த அவசரத்திலும் கை பதறவில்லை. குழாய்கள் ஒரு பக்கம் லேபுக்குப் போயின, அண்ணன் இன்னொரு பக்கம், ரத்தக் குழாய்க்குள் கம்பி விட்டு அடைப்பைத் திறக்கிற கேத் லேபுக்குப் போனார். முடிவு வரட்டும் என்று யாரும் நிற்கவில்லை. இந்த ஒரு காட்சிக்காகத்தான் இந்தப் பதிவையே எழுத உட்கார்ந்தேன். ரத்தம் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் இசிஜியில் கோடு தூக்கியிருக்கும்போது, அடைப்பைத் திறப்பதா வேண்டாமா என்பதை ரத்தம் சொல்ல வேண்டியதில்லை. திறந்த பிறகு என்னென்ன ஆபத்து வரும் என்பதைச் சொல்லத்தான் ரத்தம். இந்த வரிசை தெரிந்த இடமா, தெரியாத இடமா என்பதுதான் என் முதல் அளவுகோல்.

கவுண்டரில் 50,000 ரூபாய் முன்பணம் கேட்டார்கள். என்னிடம் 12,000 இருந்தது. சரி, மீதியைப் பிறகு கட்டுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போன் செய்தார்கள். கையெழுத்து வாங்க வந்த இதய டாக்டர் அண்ணிக்கு இரண்டே நிமிடம் செலவழித்தார், ஆனால் அந்த இரண்டு நிமிடமும் தமிழில், நின்று நிதானமாகப் பேசினார். தமனி படத்தில் தெரிவதற்காகச் செலுத்துகிற சாயம் கிட்னியைப் பாதிக்கலாம், ரத்தக் கசிவு வரலாம், திறந்த பிறகும் ஓட்டம் சரியாக வராமல் போகலாம். மூன்றையும் முன்னாலேயே சொன்னார். பின்னால் மூன்றுமே கொஞ்சம் கொஞ்சம் வந்தது. முன்கூட்டிச் சொல்லியிருந்ததால் அண்ணி நொறுங்கிப் போகவில்லை.

8.19-க்குக் கம்பி அடைப்பைத் தாண்டியது. வாசலில் நுழைந்ததிலிருந்து 59 நிமிடம். 90 நிமிடத்துக்குள் என்பது பொதுவான இலக்கு, 60-க்குள் என்பது நல்ல மையங்கள் தங்களுக்கு வைத்துக்கொள்வது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இதைச் செய்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காத்திருந்த நேரத்தில் நடந்த ஒன்றை என் தொழில் காரணமாகச் சொல்லியே ஆக வேண்டும். லேபிலிருந்து நர்ஸ் மேசைக்குப் போன் வந்தது. பொட்டாசியம் 6.1 என்று வந்திருக்கிறது, ஆனால் ரத்தம் குழாயில் உடைந்திருக்கிறது, அதை நம்ப வேண்டாம், இன்னொரு முறை அனுப்புங்கள் என்றார்கள். ரத்த அணுக்கள் உடைந்தால் உள்ளே இருக்கிற பொட்டாசியம் வெளியே கொட்டி, இல்லாத உயர்வைக் காட்டும். அவசரத்தில் சிரிஞ்சை வேகமாக இழுத்தால் யாருக்கும் நேரும். இரண்டாவது குழாயில் வந்தது 3.3. குறைவு! மாரடைப்பில் பொட்டாசியம் குறைந்தால் இதயம் தாறுமாறாகத் துடிக்க ஆரம்பிக்கும், அதனால் நான்குக்கு மேலேயே வைத்திருக்கப் பார்ப்பார்கள். 6.1-ஐ நம்பிப் பொட்டாசியத்தை இறக்க மருந்து கொடுத்திருந்தால்? அந்த லேபில் காலை ஷிப்டில் இருந்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. முடிவை அனுப்பிவிட்டுச் சும்மா இருக்காமல் போனை எடுத்தவர். ஐந்து நட்சத்திரத்தில் இரண்டை அவருக்கே கொடுப்பேன்.

ஒன்பதரைக்கு டாக்டர் வெளியே வந்தார். மொபைலில் வீடியோ வைத்திருந்தார். வலப்பக்கத் தமனி. முதல் படத்தில் சாயம் பாதி வழியில் வெட்டினாற்போல நின்றது. உறிஞ்சு குழாய் போட்டு இழுத்த ரத்தக்கட்டியை ஒரு காஸ் துணியில் வைத்துக் காட்டினார். கருஞ்சிவப்பாக, உளுந்து அளவில் மூன்று துண்டு. இரண்டாவது படத்தில், தமனியைத் திறந்தபடி வைக்கிற ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் விரிந்துவிட்டது, தமனி முழு அகலத்துக்குத் தெரிகிறது, ஆனால் சாயம் கீழே இறங்காமல் தேங்கி நிற்கிறது. “அடைப்பைத் திறந்துட்டோம் மேடம். ஆனா ரத்தம் தசைக்குள்ள இறங்கல” என்றார்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க வாய்க்காலைத்தான் சொல்ல வேண்டும். மதகைத் திறந்துவிட்டார்கள், பெரிய வாய்க்காலில் தண்ணீர் நிற்கிறது, ஆனால் பாத்திக்குப் போகிற சின்ன மடைகளெல்லாம் சேறு அடைத்துக் கிடக்கின்றன. வயல் காய்கிறது. இதை ‘நோ ரீஃப்ளோ’ என்கிறார்கள். கட்டி உடைந்து பொடியாகக் கீழே போய் நுண்குழாய்களை அடைக்கும். அடிபட்ட தசை வீங்கி அந்தக் குழாய்களை வெளியிலிருந்து நெரிக்கும். வெள்ளை அணுக்களும் தட்டணுக்களும் உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும். அடைப்பு எவ்வளவு நேரம் நீடித்ததோ அவ்வளவுக்கு இது வருகிற வாய்ப்பும் கூடும். அந்த 40 நிமிடம் மறுபடி என் கண் முன்னால் வந்து நின்றது. ஓட்டத்தைப் பூஜ்யம் முதல் மூன்று வரை எண் போட்டுச் சொல்வார்கள். அண்ணனுக்கு ஒன்று. குழாய் வழியாக, ரத்தக் குழாய்களை விரிக்கிற நிக்கோராண்டிலைத் தமனிக்குள்ளேயே கொடுத்து, கூடவே தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கிற டைரோஃபிபான் ஓடவிட்டு, கடைசியில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் கொண்டுவந்திருக்கிறார்கள். நடுவில் நாடித்துடிப்பு 34-க்கு இறங்கி, அட்ரோபின் போட்டும் ஏறாமல், தொடையில் இருக்கிற ரத்தக் குழாய் வழியாகத் தற்காலிக பேஸ்மேக்கர் கம்பி வைக்க வேண்டி வந்ததாம்.

இதையெல்லாம் டாக்டர் சொல்லும்போது நான் அவர் கையில் இருந்த ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கவனித்துவிட்டார். லேப்காரி என்று சொன்னதும் தாளை என்னிடமே கொடுத்தார். மொத்த வெள்ளை அணு 14,800. நியூட்ரோஃபில் 84, லிம்ஃபோசைட் 11. சர்க்கரை 312. கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.3. ட்ரோபோனின் 61, அதுவும் மிகச் சின்ன அளவையும் பிடிக்கிற ஹை சென்சிட்டிவ் முறையில். அவர்கள் கருவியில் ஆண்களுக்கு மேல் வரம்பு 34.

வெள்ளை அணு ஏறியிருப்பதைப் பார்த்தவுடன் கிருமித் தொற்று என்று நினைப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். நானே எத்தனையோ பேருக்கு “இன்ஃபெக்‌ஷன் இருக்கு” என்று சொல்லியிருக்கிறேன். டாக்டர் பேனாவை எடுத்து 84-ஐ 11-ஆல் வகுத்து ஓரத்தில் 7.6 என்று எழுதினார். நியூட்ரோஃபில் என்பது காயத்துக்கு ஓடிவருகிற படை. லிம்ஃபோசைட் உடம்பு நெருக்கடியில் இருக்கும்போது குறையும். இரண்டுக்கும் உள்ள விகிதம் ஏறினால், உள்ளே அழற்சி கடுமையாக இருக்கிறது என்று பொருள். மாரடைப்புக்கு அவசர ஆஞ்சியோ செய்தவர்களில் இந்த விகிதம் உயர்ந்தவர்களுக்கு ஓட்டம் சரியாக வராததும், பிறகு இதயம் பலவீனமாவதும் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. வந்தவுடன் இருக்கும் சர்க்கரையும் அப்படித்தான், சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்குக்கூட. “இந்த நம்பரைப் பார்த்து நான் வைத்தியத்தை மாத்தப் போறதில்ல. எவ்வளவு நேரம் கண்ணை எடுக்காம இருக்கணும்னு இது சொல்லுது” என்றார். 22 வருடமாகத் தினமும் 30, 40 பேருக்கு நியூட்ரோஃபிலையும் லிம்ஃபோசைட்டையும் அடுத்தடுத்த வரியில் அச்சடித்துக் கொடுக்கிறேன். ஒரு நாளும் வகுத்துப் பார்த்ததில்லை.

முதல் நாள் இரவு நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். டைரோஃபிபான் ஓடும்போது தட்டணுக்கள் திடீரென்று சரியலாம். அதனால் ஆறு மணி நேரம் கழித்து ஒரு முறை, மறுநாள் காலையில் ஒரு முறை எண்ணிப் பார்த்தார்கள். 2.31 லட்சத்திலிருந்து 1.98, பிறகு 1.87. பயப்பட வேண்டியதில்லை. இரவு இரண்டு மணி வாக்கில் தொடையில் பேஸ்மேக்கர் கம்பி வைத்த இடத்தில் ரத்தம் கசிந்து கட்டியாக வீங்கியது. ஆஸ்பிரின், டிக்காக்ரெலார், ஹெப்பாரின், டைரோஃபிபான் என்று நான்கு மருந்து ரத்தத்தை உறையவிடாமல் தடுக்கிற நேரம் அது. இரவு சிஸ்டர் போர்வையை விலக்கிப் பார்த்ததால்தான் தெரிந்தது. கையை வைத்து அழுத்தியவர் இருபது நிமிடம் எடுக்கவே இல்லை. தோள் வலிக்குமே என்று கேட்டேன். “பேசாம இருங்க அக்கா, எண்ணிக்கிட்டிருக்கேன்” என்றார். ஹீமோகுளோபின் 14.1-லிருந்து 12.8-க்கு இறங்கியதோடு நின்றது.

ட்ரோபோனின் அன்றிரவு 50,000-ஐத் தாண்டியது. கருவியால் அதற்கு மேல் அளக்க முடியவில்லை. சென்னையிலிருந்து ஓடிவந்த அண்ணன் மகன் அந்த எண்ணைப் பார்த்து, “அத்தை, மறுபடி அடைச்சிடுச்சா?” என்று என் தோளைப் பிடித்துக்கொண்டான். இல்லை. அடைப்பு திறந்தவுடன் தேங்கியிருந்ததெல்லாம் அடித்துக்கொண்டு வரும், அதனால் வேகமாக ஏறும். அந்த ஏற்றத்தை மட்டும் பார்த்து யாரும் பதற வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். ட்ரோபோனின் ஒரு வாரத்துக்கு மேல் ரத்தத்திலேயே இருக்கும். மறுபடி வலி வந்தால் புதிதா பழையதா என்று பிரித்துப் பார்க்க, இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடுகிற சிகேஎம்பி என்ற இன்னொரு ரத்த டெஸ்ட் உதவும். இதை அங்கே யாரும் பையனுக்குச் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். என்னைப் போல ஒருத்தி கூட இல்லாத குடும்பம் அந்த இரவை எப்படிக் கழித்திருக்கும்?

குறை இங்கிருந்துதான் ஆரம்பம். முதல் நாள் அவ்வளவு தெளிவாகப் பேசியவர்கள், அண்ணன் ஐசியுவிலிருந்து வார்டுக்கு மாறியதும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கிரியேட்டினின் இரண்டாம் நாள் 1.6. மூன்றாம் நாள் 1.9. ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது, சாயம் போயிருந்தது, சர்க்கரைக்காரர். கிட்னி அடிபடும் என்று எதிர்பார்க்க வேண்டியதுதான், முதல் நாளே சொல்லியும் இருந்தார்கள். 48 மணி நேரத்தில் 0.3 ஏறினாலே கிட்னிக்குப் பாதிப்பு என்று கணக்கு. இது 0.6 ஏறியிருந்தது. ஆனால் அதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. நானாகக் கேட்டபோது வார்டு டாக்டர், “லேசா ஏறியிருக்கு, இறங்கிடும்” என்று நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிரவு படுத்தே கிடந்ததில் அண்ணனுக்கு முதுகு வலி. ஊசியோடு ஒரு நர்ஸ் வந்தார். ஆம்பூலை வாங்கிப் பார்த்தேன், டைக்ளோஃபெனாக். கிரியேட்டினின் 1.9-ல் இருக்கிறவருக்கு, உறையாமல் தடுக்கும் இரண்டு மருந்து உள்ளே இருக்கிறவருக்கு, மூன்று நாள் முன்பு மாரடைப்பு வந்தவருக்கு! கிட்னிக்கும் ஆகாது, ரத்தக் கசிவுக்கும் ஆகாது, இதயத்துக்கும் ஆகாது. வேண்டாம் என்று கையைப் பிடித்தேன். எழுதியிருக்கிறது அக்கா என்றார். எழுதியிருந்ததுதான், யாரோ பழக்கத்தில் எழுதியிருந்தார்கள். அவரைக் குறை சொல்ல மாட்டேன். காலையில் பெரிய டாக்டரிடம் அந்தத் தாளைக் காட்டினேன். முகம் மாறியது. அவரே அடித்துவிட்டு, சிவப்பு மையில் ‘வலி ஊசி கூடாது’ என்று அட்டையின் மேல் எழுதினார், அண்ணனிடம் மன்னிப்பும் கேட்டார். அதை மதிக்கிறேன். ஆனாலும் மூன்றாம் நாள் ரிப்போர்ட்டும் மருந்துச் சீட்டும் ஒரே மேசையில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தும், இரண்டையும் சேர்த்துப் படிக்க ஒருவர் இல்லை என்பது சின்னக் குறை இல்லை. கேத் லேபில் உயிரைக் காப்பாற்றுகிற இடம், வார்டில் இவ்வளவு அசட்டையாக இருக்கக் கூடாது.

பில் விவரம் கேட்பவர்களுக்காக. மொத்தம் 2 லட்சத்து 38 ஆயிரம். ஸ்டென்ட் விலை அரசு வைத்த உச்சவரம்புக்குள்தான் போட்டிருந்தார்கள். 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வந்தது, பிறகு அவ்வப்போது திருத்துகிறார்கள். ஸ்டென்ட்டின் ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் தாளில் ஒட்டிக் கொடுத்தார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள். என் மனம் ஒப்பாதது ட்ரோபோனின். ஐந்து நாளில் ஐந்து முறை. உச்சத்தைத் தொட்ட பிறகு தினமும் அதை அளப்பதால் வைத்தியத்தில் எதுவும் மாறாது. அந்தப் பணத்துக்கு கிரியேட்டினினைக் காலையும் மாலையும் பார்த்திருக்கலாம். கேட்டேன், பேக்கேஜ் என்றார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள் சேரும்போதே காட்டிவிடுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பதால் எங்களுக்கு இல்லை.

இன்னொரு விஷயம். எங்களுக்குத் திருச்சி ஒரு மணி நேரத்துக்குள் இருந்ததால் நேரே ஆஞ்சியோவுக்குப் போக முடிந்தது. மலையடிவார ஊர்களில் இருப்பவர்களுக்கு அது முடியாது. இரண்டு மணி நேரத்துக்குள் கேத் லேப் எட்டாது என்றால், பக்கத்து மருத்துவமனையிலேயே கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டுவிட்டு, பிறகு பெரிய இடத்துக்கு அனுப்புவதுதான் முறை. 2012 முதல் 2014 வரை தமிழ்நாட்டிலேயே சிறிய மருத்துவமனைகளையும் பெரிய மையங்களையும் இப்படி இணைத்து 2,420 பேரிடம் பார்த்தார்கள். ஒரு வருடத்துக்குள் இறப்பவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2-ஆகக் குறைந்தார்கள். அந்த முறையிலும் இசிஜிதான் முதல். ட்ரோபோனின் கார்டு இல்லை.

அந்த ஆகஸ்டுக்குப் பிறகு என் லேபில் ஒன்றை மாற்றிவிட்டேன். நெஞ்சு வலிக்கிறது, ட்ரோபோனின் பாருங்கள் என்று நேரே வருகிறவர்களிடம் ரத்தம் எடுப்பதில்லை. ஷட்டரை இறக்கிவிட்டு நானே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் இசிஜி எடுக்க உட்கார வைக்கிறேன். இதுவரை ஆறு பேர். அதில் ஒருவருக்கு மாத்திரை கொடுத்து 108-ல் ஏற்றினோம்.

டிஸ்சார்ஜ் தாளில் கடைசிக் கிரியேட்டினின் 1.5 மட்டும் இருந்தது. 1.9 வரை போனதை எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டேன், அடுத்து பார்க்கிற எந்த டாக்டருக்கும் அது தெரிய வேண்டும். எக்கோ ஸ்கேனில் இதயம் பம்பு செய்கிற அளவு 42 சதவீதம். டிக்காக்ரெலார் காலை ஒன்று, இரவு ஒன்று, ஒரு நாளும் விடக் கூடாது என்று பெரிய டாக்டரே அண்ணன் கையைப் பிடித்துச் சொன்னார். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினைக் கிட்னி சரியான பிறகுதான் தொடங்கச் சொன்னார்கள். அந்தக் கவனம் சரியாக இருந்தது.

மொத்தத்தில் முதல் 24 மணி நேரத்துக்கு ஐந்துக்கு ஐந்து. வார்டுக்கு இரண்டு. நெஞ்சு வலி என்றால் மறுபடியும் அங்கேதான் ஓடுவேன், ஆனால் வார்டுக்கு மாறிய பிறகு தினமும் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிப் பார்ப்பேன்.

பத்தாம் நாள் காலை வெறும் வயிற்றில் அண்ணன் லேபுக்கு வந்தார். நானே ரத்தம் எடுத்தேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ ஆயிரம் பேருக்கு ஊசி போட்ட கை, அன்றைக்கு நரம்பைத் தேட நேரமானது. கிரியேட்டினின் 1.2. நியூட்ரோஃபில் 61, லிம்ஃபோசைட் 30. வகுத்துப் பார்த்துவிட்டு, ரிப்போர்ட்டின் ஓரத்தில் 2 என்று பேனாவால் எழுதிக் கொடுத்தேன். அது என்ன என்று கேட்டார். உட்காருங்க அண்ணா, காபி வரட்டும், சொல்கிறேன் என்றேன். அடுத்த எக்கோ மூன்று மாதம் கழித்து. அதன் முடிவையும் இங்கேயே சேர்க்கிறேன்.